உருமத்துக்காரி

இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில், ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறாள் ரமீஜா. வயது முப்பத்து மூன்று. ஜெர்மனிக்குப் போகும் பெட்டிகளின் மேல் என்ன எழுத வேண்டும், அங்கிருந்து வரும் புகார்க் கடிதங்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அந்தக் கம்பெனியில் ஜெர்மன் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

அவள் அந்த மொழியைப் படித்தது இதற்காக இல்லை. நர்ஸிங் முடித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றரை வருடம் ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குத் தேவையான மொழிப் பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை உத்தரவும் வந்தது. இரண்டாயிரத்து இருபது ஏப்ரலில் விமானம் ஏற வேண்டும். மார்ச்சில் ஊர் உலகமெல்லாம் பூட்டிக்கொண்டது. ஒரு வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த இடம் இப்போது இல்லையாம். அதற்குள் கொரோனா வார்டில் எட்டு மாதம் நின்றுவிட்டிருந்த ரமீஜாவுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாமல் போயிருந்தது. இராஜபாளையத்தில் மோட்டார் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஹபீப் ரகுமானைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். படித்த மொழி பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிளுக்கு உதவியது. அவ்வளவுதான்.

ஆகவே கோயம்புத்தூரிலிருந்து எட்வின் என்பவர் போனில் கூப்பிட்டு, "ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தமிழ்ல கொண்டுவரணுங்க மேடம், உங்களால முடியுமா?" என்று கேட்டபோது, என்ன எது என்று விசாரிக்காமலே முடியும் என்று சொல்லிவிட்டாள். கூடப் படித்த தோழி ஒருத்திதான் அவள் எண்ணை அவருக்குக் கொடுத்திருந்தாள்.

எட்வினும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன விளையாட்டு நிறுவனம் நடத்தினார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். 'காட்டுக்குள் ஒரு குடிசை தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கதைசொல்லி கேட்பார். கதவைத் தட்டுவதா, ஓடுவதா, கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவதா என்று அவரவர் சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச ஜெர்மன் கதை வேண்டாங்க. அங்கேயே பாதிப்பேர் கேட்டிராத கதையா பன்னிரண்டு வேணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பேயோ பூதமோ இருக்கணும்" என்றார் எட்வின். நூற்றைம்பது வருடப் பழைய தொகுப்பு ஒன்றின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியும் வைத்தார்.

அதைத் திறந்து பார்த்த முதல் நாளே ரமீஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் படித்த ஜெர்மன் எழுத்தாகவே அது தெரியவில்லை. கறுப்புக் கம்பியை வளைத்து வைத்தாற்போல் ஒரு பழைய அச்சு. எஸ் எழுத்து எஃப் மாதிரி இருந்தது. பி எது, வி எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவே நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் போனது. படித்த சொல்லை அகராதியில் தேடினால் பாதி இல்லை. அந்தந்த வட்டாரத்துப் பேச்சில் யாரோ சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி ஜெர்மன்ல 'எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குது'ன்னு கேக்கத் தெரியும் மச்சான். சதுப்பு நிலத்துக்குப் பன்னெண்டு பேர் சொல்லத் தெரியலையே" என்று ஹபீபிடம் புலம்பினாள்.

"தெரியலைன்னா விட்டுரு. உன்னைய யாரு அடிக்கா?"

விட முடியவில்லை. ஐந்து வருடமாக லேபிள் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கதை எழுதக் கிடைத்திருக்கிறது. எரிச்சலோடே எழுதினாள். ஆறு கதைகள் முடிந்தன. ஏழாவது கதைதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஜெர்மனியின் கிழக்கு மூலையில் ஆளிச்செடி பயிரிடும் ஊர்கள் இருந்தன. இப்போது ஆளி விதை என்று கடையில் விற்கிறார்களே, அந்தச் செடி. அதன் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் நூற்பார்கள். பகல் பன்னிரண்டு மணி ஆனால் எல்லோரும் வயலை விட்டு வந்துவிட வேண்டும். மீறி நின்றால் வெள்ளைச் சேலைக்காரி போல ஒருத்தி கையில் அரிவாளோடு வருவாள். வந்து, 'ஆளியைப் பற்றிச் சொல்' என்பாள். ஒரு மணி அடிக்கும்வரை ஆளியைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். பேச்சு நின்றாலோ வேறு திசைக்குப் போனாலோ தலை போய்விடும். ஒருநாள் ஒரு வேலைக்காரப் பெண் மாட்டிக்கொள்கிறாள். விதைத்ததில் ஆரம்பித்து, பிடுங்கி, நார் எடுத்து, நூற்று, நெய்து, சட்டை தைப்பது வரை சொல்லிவிடுகிறாள். இன்னும் நேரம் இருக்கிறது. சட்டை கிழிந்ததை, ஒட்டுப் போட்டதை, கந்தலானதை, கந்தலை விளக்குத் திரியாகத் திரித்ததைச் சொல்கிறாள். மணி அடிக்கிறது. அரிவாள்காரி ஒன்றும் பேசாமல் வயலுக்குள் நடந்து மறைகிறாள்.

கதையில் சண்டையே இல்லை. பேசிப் பேசியே ஒருத்தி உயிர் பிழைக்கிறாள். ரமீஜா அதை மூன்று முறை படித்தாள். அரிவாள்காரிக்குப் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நடுப்பகலை உருமம் என்பார்கள். 'உச்சி உருமத்துல வெளியில அலையாத' என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அதட்டுவார்கள். 'உருமத்துக்காரி' என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் எட்வின் அந்தக் கதைக்காக ஓர் ஓவியர் வரைந்த படத்தை அனுப்பினார். அதில் வயல் முழுக்கக் கோயில் தூணில் இருக்குமே, சிங்கத் தலையும் தும்பிக்கையுமாக, அந்த யாளிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆளிக்கு அகராதியில் அப்படியும் ஒரு பொருள் உண்டு. படம் வரைந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"விதைன்னு எழுதியிருக்கேனே! யாளியை யாராவது விதைப்பாங்களா?" என்று போனில் கத்தினாள்.

"படம் மாத்திரலாம் மேடம். டென்ஷன் ஆகாதீங்க" என்றார் எட்வின்.

அவளைத் தலைகுனிய வைத்தது அடுத்து வந்த தப்புதான். அது அவளுடைய தப்பு. நார் எடுக்கும் இடத்தில் 'ரோஸ்டன்' என்றொரு சொல் இருந்தது. வகுப்பில் படித்த அர்த்தத்தில் வறுப்பது. ரொட்டியை வாட்டுவது, காப்பிக்கொட்டையை வறுப்பது. அவளும் 'தண்டுகளைப் பதமாக வறுத்து' என்று எழுதியிருந்தாள். கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் மாரிச்செல்வியிடம் மதியம் சாப்பிடும்போது கதையைப் படித்துக் காட்டினாள். மாரிச்செல்விக்கு நாற்பது வயது. சுந்தரபாண்டியத்தில் பிறந்தவள். இந்தக் கம்பெனிக்கு வருமுன் நூல் மில்லில் பதினெட்டு வருடம் இருந்தவள். வறுக்கும் இடம் வந்ததும் சோற்றுக் கையோடு சிரித்தாள்.

"ஏட்டி ரமீஜா, நாரைப் போயி எவளாச்சும் வறுப்பாளா? கருகிப் போயிராதா? எங்க ஊர்ல கத்தாழை மட்டையைக் கண்மாயில போட்டு, மேல கல்லைத் தூக்கி வச்சு அழுக விடுவோம். நாத்தம் ஊரையே தூக்கும். பொறவு அடிச்சு அலசுனா நார் தனியா வந்துரும். நீ சொல்லுத செடியும் அப்படித்தான இருக்கும்?"

ரமீஜா அன்றே தேடிப் பார்த்தாள். மாரிச்செல்வி சொன்னதுதான் சரி. நார் வேலையில் அந்தச் சொல்லுக்கு அழுக வைப்பது என்றே பொருள். பரீட்சையில் தேறிய ஜெர்மனை விடக் கண்மாயில் கல் தூக்கி வைத்தவளுக்கு அந்த வரி நன்றாகப் புரிந்திருக்கிறது. வெட்கத்தோடு எட்வினைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னாள்.

"ஐயோ மேடம்! அதை வச்சுத்தானங்க ஆட்டமே அமைச்சிருக்கோம்."

"எதை வச்சு?"

"வறுத்த நாரை வச்சு. அது ஒரு ஆயுதங்க. நண்பகல் பேய் மேல அதைக் கொளுத்தி வீசினா ரெண்டு பகடையில விழற அளவுக்குச் சேதாரம். பேய்க்கு நாப்பது உயிர்ப்புள்ளி, அது தீர்ந்தா செத்துரும். நல்லா ஓடுது மேடம்."

"நண்பகல் பேயா? நான் உருமத்துக்காரின்னுல்ல எழுதினேன்?"

"அது சென்னையில யாருக்கும் புரியாதுங்க."

"அவ பேயே இல்லை சார். அவளைக் கொல்லக் கூடாது. அவகிட்டப் பேசணும். கதையே அதுதான்."

எட்வின் கோபக்காரர் இல்லை. "சண்டை இல்லேன்னா ஆடறவங்களுக்கு என்னங்க வேலை?" என்று நிஜமாகவே கேட்டார். பிறகு, "என் வீட்டுக்காரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான். வர்ற ஞாயித்துக்கிழமை அங்க ஒரு டியூஷன் சென்டர் மாடியில ஆடிப் பாக்கப் போறோம். நீங்களும் வாங்க. பார்த்துட்டு அப்புறம் பேசலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரிச்செல்வியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள் ரமீஜா. துணைக்கு என்றுதான் கூப்பிட்டாள். மாரிச்செல்வியும் பால்கோவா வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள்.

மாடி அறையில் மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். இன்ஜினியரிங் படிக்கும் மூன்று பேர், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மகாலட்சுமி. எட்வின் கதைசொல்லியாக உட்கார்ந்து நன்றாகவே சொன்னார். வயல், வெயில், அரிவாள் எல்லாம் வந்தது. நண்பகல் பேய் வந்ததும் நான்கு பேரும் வறுத்த நாரைக் கொளுத்தி வீசினார்கள். பகடை உருண்டது. பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று, எட்டு. பேய் நான்கு நிமிடத்தில் செத்துப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மாரிச்செல்வி ரமீஜாவின் காதருகே குனிந்து, "அவ்வளவுதானா?" என்றாள்.

ரமீஜாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "சார், ஒரே ஒரு தடவை கதையில இருக்கிற மாதிரி ஆடிப் பாப்போம். பகடை வேண்டாம். உங்க செல்போன்ல பத்து நிமிஷம் வச்சுக்கோங்க. உருமத்துக்காரி கேக்கறா. நூல் எப்படி வருதுன்னு நிறுத்தாம சொல்லணும். ஆளி தெரியாட்டாப் பரவாயில்லை, பஞ்சைப் பத்திச் சொல்லுங்க."

எட்வின் சம்மதித்தார். முதல் மாணவன், "பஞ்சுச் செடியிலேருந்து பஞ்சு எடுத்து, மில்லுக்குக் கொண்டுபோய்…" என்று ஆரம்பித்து, ஐம்பதாவது விநாடியில் "அவ்வளவுதான்" என்றான். அவன் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் நூல் மில் இருக்கிறது. அடுத்தவன் சிரித்தே தோற்றான். மகாலட்சுமி இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்து, சேலை விலைக்குப் பேச்சை மாற்றியதில் தலையை இழந்தாள். மூன்றாவது மாணவன் நான் வரவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள் ரமீஜா.

"நான் என்னத்தச் சொல்ல?"

"மில்லைச் சொல்லுங்க."

மாரிச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எட்வின் செல்போனில் நேரத்தை வைத்து, ஒலிப்பதிவையும் போட்டார்.

"பஞ்சு பேல் பேலா வரும். பட்டை கட்டி அமுக்கி வரும். பட்டையை அறுக்கையில மூஞ்சியை நீட்டக் கூடாது, வெடிச்சு அடிக்கும். பிரிச்சு ரெண்டு நாள் ஆற வைக்கணும், பஞ்சு மூச்சு விடணும். பொறவு புளோரூம். அங்க அடிச்சுத் தூசியை எடுக்கும். அந்த ரூமுல நின்னா கண்ணிமையில பஞ்சு உக்காந்துரும், சாயங்காலம் பார்த்தா கிழவி மாதிரி இருப்போம். அடுத்து கார்டிங்…"

அவள் பேசப் பேசக் கை தானாக அசைந்தது. கார்டிங்கிலிருந்து பஞ்சு திரையாக இறங்கி, கயிறாகச் சுருண்டு, டிரம்முக்குள் வட்டம் வட்டமாக விழுந்தது. டிராயிங்கில் எட்டுக் கயிறு சேர்ந்து ஒன்றானது. சிம்ப்ளெக்ஸில் மெலிந்து முறுக்கேறியது. ஸ்பின்னிங்கில் அவள் ஓட ஆரம்பித்தாள். ஆயிரம் கதிர் சுற்றும், எங்கே நூல் அறுந்தாலும் போய் ஒட்ட வேண்டும், ஒட்டும்போது விரலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், தப்பாக வைத்தால் நூல் எப்படிச் சதையை அறுக்கும், மழைக்காலத்தில் நூல் எப்படி உருளையில் சுற்றிக்கொள்ளும், ஒரு ஷிப்டில் எத்தனை மைல் நடந்தோம் என்று சோணைமுத்து மேஸ்திரி கணக்குப் போட்டுச் சொன்னது, எல்லாம் வந்தது. செல்போன் மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. எட்வின் சைகை காட்டினார்.

"இருங்க தம்பி, நூலைக் கோன்ல சுத்துற கோன் வைண்டிங்கே இன்னும் வரலை" என்றாள் கோபமாக.

பதினெட்டு நிமிடம் பேசினாள். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. மகாலட்சுமி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினாள். "இதுதாங்க மேடம் ஆட்டம்" என்று எட்வின் ரமீஜாவிடம் சொன்னார். திரும்பிவரும் பஸ்ஸில் மாரிச்செல்வி பால்கோவா வாங்க மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். ரமீஜாவுக்கு அன்று மட்டும் எதன் மேலும் எரிச்சல் இல்லை.

பத்து நாள் கழித்துத் திருத்திய பக்கங்கள் வந்தன. சண்டை போயிருந்தது. வறுத்த நாரும் போயிருந்தது. அந்த இடத்தில், 'நண்பகல் பேயின் கேள்வி: நூல் அறிவுச் சோதனை. இருபது முகப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால் தப்பலாம்' என்று இருந்தது. மாரிச்செல்வி பேசியது சுத்தமான எழுத்துத் தமிழாக மாறிக் கட்டத்துக்குள் கிடந்தது. கதைசொல்லி அதைப் படித்துக் காட்ட வேண்டுமாம்.

ரமீஜா கம்பெனி வாசலுக்கு வெளியே போய் நின்று போன் செய்தாள். "பேசறதுக்குப் பதிலாப் பகடையா சார்? நீங்களே பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேங்க. மறக்கவே மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சென்னையில அடுக்கு மாடியில ஆடறவனுக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்? ஒவ்வொரு தடவையும் எல்லாரும் செத்துருவாங்க. தெரியாதவனும் ஆடறதுக்குத்தான் பகடையே இருக்குது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அவளை இன்னும் வதைத்தது. தப்பு என்றால் சண்டை போடலாம்.

"அப்ப இந்தக் கதையை எடுத்துருங்க."

"அட்டைப்படமே அவதாங்க மேடம்."

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு எட்வின் இறங்கி வந்தார். அச்சுக்குப் போகும் நேரம் என்பதால் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். ஒன்று பெயரை உருமத்துக்காரி என்று வைப்பது. இல்லையென்றால் பகடைக்கு மாற்றாகப் பேசித் தப்பிக்கும் விதியையும் சேர்ப்பது. ரமீஜாவுக்கு இரண்டும் வேண்டும். பெயர் அவள் கொடுத்தது. விதி அந்தக் கதையினுடையது. ஹபீபிடம் கேட்டாள். "உனக்கு எது போனா ரொம்ப வலிக்கும்?" என்றான். பெயர்தான் என்றாள். ஆனாலும் விதியையே கேட்டு வாங்கினாள். கூடவே மாரிச்செல்விக்குப் பெயர் சொல்லி நன்றி போட வேண்டும் என்றாள். அதற்கு எட்வின் உடனே ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு கதைகளும் முடிந்து, புத்தகம் ஜனவரியில் வந்தது. ரமீஜாவுக்கு இருபது பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். அட்டையில் 'நண்பகல் பேய்' என்று பெரிய எழுத்து. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பார்த்ததும் சுருக்கென்றது. அறுபத்தோராம் பக்கத்தின் அடியில் பேசித் தப்பிக்கும் விதி பொடி எழுத்தில் இருந்தது. நன்றிப் பக்கத்தைத் திருப்பினாள். 'நூல் மில் விவரங்கள் தந்த திரு. மாரிசெல்வம் அவர்களுக்கு' என்றிருந்தது.

அவள் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எட்வின் போனில் பத்து முறை மன்னிப்புக் கேட்டார். அச்சகத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். மற்ற பிரதிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

"அடுத்த பதிப்பு வரும்னு என்ன நிச்சயம்?" என்றாள் ரமீஜா.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த ஹபீப், மனைவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாகத் திறந்து கறுப்புப் பேனாவால் 'திரு'வை அடித்து 'திருமதி' என்றும், 'செல்வம்' என்பதை அடித்து 'ச்செல்வி' என்றும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"இருபதைத் திருத்தி என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது" என்றாள் நிமிராமல். அவனும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கையெழுத்து நன்றாக இல்லை என்று அதற்கும் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரதியை மாரிச்செல்வியிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மாரிச்செல்வி அடித்துத் திருத்திய பெயரைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் பேசுனேன், கடைசியில ஆம்பளையாக்கிட்டானுவளா?" என்று சிரித்தாள். பிறகு தன் பேச்சு இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"ஏட்டி, இங்க பாரு. சிம்ப்ளெக்ஸ் முடிஞ்சு டிராயிங்னு போட்டிருக்கு. டிராயிங் முடிஞ்சுதான சிம்ப்ளெக்ஸ் வரும்? இதை நம்பி எவனாச்சும் அந்த அரிவாள்காரி முன்னால போயி நின்னா என்னத்துக்கு ஆவான்?"

ரமீஜா அந்த வரியைப் பார்த்தாள். இதை எட்வினிடம் சொன்னால் அடுத்த பதிப்பு என்பார். அவள் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினாள். மாரிச்செல்வி டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு, "செத்த இரு, இன்னும் என்னவெல்லாம் மாத்தி வச்சிருக்கானுவன்னு பாத்துருவோம்" என்று அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.